மிஸி பதில் சொல்லவில்லை

அந்த மத்தியானம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடி. ஜன்னலோரக் கதிரையில் மிஸி இருக்கிறார். மடியில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை. சாப்பாட்டுத் தட்டோடு ஓர் இளம் தாதி வருகிறாள். ஹெயிட்டியிலிருந்து சின்ன வயதில் வந்து மொன்றியலில் படித்து வளர்ந்த பிள்ளை. தட்டை மேசையில் வைத்துவிட்டு, கதிரைக்குப் பக்கத்தில் முழங்காலை மடித்து, மிஸியின் கண்மட்டத்துக்கு இறங்கி, தோளில் மெல்லக் கை வைத்து, தமிழில் கேட்கிறாள்: "அம்மம்மா, சாப்பிடுவமா?" மிஸி திரும்பிப் பார்க்கவில்லை. பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டினார். தாதி இன்னும் கொஞ்சம் கனிவாக, "அம்மம்மா" என்றாள். மிஸி வாசித்துக்கொண்டேயிருந்தார். அந்தப் பிள்ளை முகம் வாடி எழும்பிப் போனாள்.

அவளில் ஒரு பிழையும் இல்லை. முழங்காலை மடித்தது, தோளில் கை வைத்தது, உறவுமுறை சொல்லித் தமிழில் அழைத்தது எல்லாமே அவள் பல்கலைக்கழகத்தில் படித்துச் சித்தியடைந்த பாடம். அந்தப் பாடத்தை எழுதியவர் மிஸி. கூட இருந்து எழுதியவள் நான். அன்றைக்கு அந்த அறையின் மூலையில், மிஸியின் அக்கா மகள் கொடுத்துவிட்ட இடியப்பப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தவளும் நான்தான்.

யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரித் தாதியை நாங்கள் மிஸி என்போம். அவர் அங்கே தாதியாக இருந்தவர். யுத்தம் துரத்த இங்கே வந்து, முதலில் ஒரு முதியோர் இல்லத்தில் உடம்பு துடைத்து, படுக்கை மாற்றி, பின்னேர வகுப்பில் பிரெஞ்சு படித்து, மறுபடியும் தாதிப் பரீட்சை எழுதி, பிறகு ஆராய்ச்சி செய்து பேராசிரியர் ஆனார். ஆனாலும் எங்கள் சனத்துக்கு அவர் மிஸிதான். பல்கலைக்கழக வாசலில் வைத்து யாராவது "மிஸி" என்று கூப்பிட்டால், கூட வரும் வெள்ளைக்காரப் பேராசிரியர்களை விட்டுவிட்டு நின்று கதைப்பார். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி, "நேரம் கிடைக்கேல்லை" என்பார். கேட்டவர்கள்தான் சங்கடப்படுவார்கள்.

மூக்கு நுனியில் கோபம். மாணவர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வந்ததும், "அந்தப் படுக்கையில் கிடப்பவர் என்ன வேலை செய்தவர்?" என்று கேட்பார். நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் மட்டும் ஒப்புவிப்பவர்களைத் திரும்பவும் உள்ளே அனுப்புவார். நான் அவரிடம் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்த முதல் மாதத்தில் வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறேன். அதற்குப் பிறகு அழவில்லை. அவரோடு சண்டை பிடிக்கப் பழகிவிட்டேன், அதுதான் அவருக்கும் பிடித்திருந்தது.

எங்கள் ஆராய்ச்சி இதுதான்: எங்கள் முதியவர்கள் இங்கத்தைய ஆஸ்பத்திரிகளில் ஏன் வாய் திறப்பதில்லை, அவர்களைப் பராமரிக்கத் தமிழ் தெரியாத தாதிமாருக்கு எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். மொன்றியலில் வில்லரேயின் அடுக்குமாடி வீடுகளுக்கும், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவின் தோட்டம் வைத்த வீடுகளுக்கும் ஒலிப்பதிவுக் கருவியோடு போனோம். போன இடமெல்லாம் தேத்தண்ணியும் றோல்ஸும். மிஸி சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு, ஊர் விசாரித்து, முழங்கால் நோ விசாரித்து, கடைசியில் கேட்பார்: "ஆஸ்பத்திரியிலை உங்களை எங்கட பாஷையிலை அம்மம்மா, தாத்தா எண்டு கூப்பிட்டால் எப்பிடி இருக்கும்?" எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். நல்லம் மிஸி. சந்தோஷம் மிஸி. சொந்தக்காரர் மாதிரி இருக்கும் மிஸி.

கேட்ட அத்தனை பேரும் ஒரே பதிலைச் சொன்னால் ஆராய்ச்சிக்காரர் அந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். நாங்கள் யோசிக்காமல் கொண்டாடினோம். பாடம் உருவானது. மாணவர்கள் சொற்களை உச்சரித்துப் பழகினார்கள். மாநாடுகளில் மிஸிக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். எங்கள் சனத்துக்கும் பெருமை பிடிபடவில்லை. தேவாலய மண்டபத்திலும் கோயில் வாகனத் தரிப்பிடத்திலும், "ஒரு வெள்ளைக்காரப் பெட்டை தாத்தா எண்டு கூப்பிட்டவளாம்" என்பதுதான் கதை. மிஸி ஓய்வு பெற்றபோது அந்தப் பாடத்தை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பிறகு அவருக்கு மறதி வந்தது. அடுப்பை அணைக்க மறந்தார். மெட்ரோவில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தை மறந்தார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் அவருடைய பெறாமகள், அக்காவின் மகள், நல்ல பிள்ளை. தன் வீட்டில் வைத்துப் பார்த்தாள், வேலைக்கும் போய்க்கொண்டு முடியாமல் போக, இந்த இல்லத்தில் இடம் எடுத்தாள். வந்த நாளிலிருந்து மிஸி "அம்மம்மா" என்ற அழைப்புக்குப் பதில் சொல்லவில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை. மற்ற நேரங்களில் கதைத்தார், பத்திரிகை வாசித்தார், என்னோடு அரசியல் கதைத்துச் சண்டை பிடித்தார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் வாயைப் பூட்டிக்கொண்டார். தாதிமார் எப்போதும் அந்தச் சொல்லோடுதான் வந்தார்கள். ஆகவே அவர்கள் கண்ட மிஸி, வாய் திறக்காத மிஸி. அழைத்தால் பதில் இல்லை, சூழலை உணர்வதில்லை என்று குறித்து வைத்தார்கள். அப்படியே போனால் அவரை மேல்மாடிக்கு மாற்றுவது முறை. மேல்மாடி, நினைவு முற்றாகத் தப்பியவர்களுக்கானது. அதன் கதவு பூட்டியிருக்கும்.

பெறாமகள் தொலைபேசியில் சொன்ன அன்றே நான் ஓடினேன்.

"மிஸி, ஒருக்கால் ஓம் எண்டு சொல்லிவிடுங்கோவன். உங்களை மேலை ஏத்தப்போகினம்."

"ஏத்தட்டும்."

"அங்கை கதவு பூட்டு. நினைச்ச நேரம் வெளியிலை வர ஏலாது."

"தெரியும். அந்தக் கதவைப் பற்றியும் நான் எழுதியிருக்கிறன்."

"பிறகேன் இந்தப் பிடிவாதம்?"

பத்திரிகையை மடித்து வைத்தார். "அவை என்னைக் கூப்பிடேல்லை. ஆரோ ஒரு கிழவியைக் கூப்பிடினம். நான் ஏன் பதில் சொல்லவேணும்?"

அப்படியென்றால் என்னை மிஸி என்று கூப்பிடுங்கள் என்று சொல்லிவிடலாமே என்றேன். நானே போய்ச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"சொன்னால் எனக்கு மட்டும் மாத்துவினம். பக்கத்து அறையிலை கிடக்கிறவவுக்கு? என்னைத் தெரிஞ்சபடியால் நீர் ஓடி வந்தனீர். அவவுக்கு ஆர் ஓடி வாறது? பாடத்தை மாத்தவேணும். அதுவரைக்கும் நான் வாய் திறக்கமாட்டன்." குரலைத் தணித்தார். "அந்தச் சனம் அண்டைக்கு எங்களுக்கு உண்மை சொன்னதோ எண்டு எனக்கு இப்ப ஐமிச்சமாய்க் கிடக்கு. நீர் போய்த் திரும்பக் கேளும். நான் அனுப்பினதெண்டு மட்டும் சொல்லாதையும்."

மறதிக்காரர் என்று எழுதப்பட்டவர், தன்னைப் பணயம் வைத்து வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது, அவரில் பாதி, என்னில் பாதி. ஆனால் அவர் சொன்னால் போகாமல் இருக்க நான் பழகவில்லை.

ஆராய்ச்சியில் பங்குகொண்டவர்களில் ஒருவர் மன்னாரைச் சேர்ந்த ஐயா. அங்கே தபாலதிபராக இருந்தவர். வில்லரேயில் மகளோடு இருக்கிறார். சனிக்கிழமைகளில் பொல்லை ஊன்றிக்கொண்டு ஜான்-டலோன் சந்தைக்கு வருவார், தக்காளியை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துக் கடைக்காரரின் பொறுமையைச் சோதிப்பார். அங்கேதான் பிடித்தேன். பக்கத்து வாங்குப் பலகையில் இருத்தி, அதே கேள்வியைக் கேட்டேன். ஐயா சிரித்தார்.

"பிள்ளை, என்ர சொந்தப் பேரப்பிள்ளையளே என்னைப் பாப்பி எண்டு பிரெஞ்சிலைதான் கூப்பிடுதுகள். தாத்தா எண்டு கேக்கிறதுக்கு ஆஸ்பத்திரிக்கே போகவேணும்? போன மாரியிலை நான் அங்கை கிடக்கேக்கை, ஊசி குத்த வந்தவையெல்லாம் தாத்தா. சட்டை கழட்ட வந்தவையும் தாத்தா. மன்னாரிலை என்னைப் போஸ்ட் மாஸ்ரர் எண்டு கூப்பிடாத சனம் இல்லை. இஞ்சை ஒருத்தரும் நான் ஆரெண்டு கேக்கேல்லை."

"அப்ப ஏன் ஐயா அண்டைக்குப் பிடிக்கும் எண்டு சொன்னனீங்கள்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மிஸி வீடு தேடி வந்தவ. எங்கட வீட்டிலை தேத்தண்ணி குடிச்சவ. பிடிக்கேல்லை எண்டு அவவின்ர முகத்துக்கு நேரை எப்பிடிச் சொல்லுறது? எங்கட மனிசி ஒருத்தி இவ்வளவு தூரம் வந்து கேக்கிறா. நல்லம் எண்டு சொல்லி அனுப்பிறதுதானே மரியாதை."

இதுதான் நடந்திருக்கிறது. வேறு யார் போய்க் கேட்டிருந்தாலும் உண்மை வந்திருக்கலாம். மிஸி போனதால் மரியாதை வந்தது. நாங்கள் அந்த மரியாதையைப் பதிவு செய்து, அட்டவணை போட்டு, முடிவென்று பிரசுரித்திருக்கிறோம். நான் இன்னும் சிலரிடம் போனேன். உண்மையிலேயே விரும்பியவர்களும் இருந்தார்கள், அதை மறைக்கமாட்டேன். ஒரு அம்மா, "எனக்கு அப்பிடிக் கூப்பிட ஒருத்தருமில்லை, கூப்பிட்டால் சந்தோஷம்தான்" என்றார். மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்தார்கள். ஒருவர் சங்கீத ஆசிரியை, ரீச்சர் என்றால் போதும் என்றார். ஒருவர் சண்டியன் என்று பெயர் எடுத்தவர், அந்தப் பெயர்தான் வேண்டும் என்றார்.

மிஸியிடம் வந்து சொன்னேன். இடிந்து போவார் என்று பயந்திருந்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எங்கட சனம் 'நல்லம்' எண்டதை நம்பி ஆராய்ச்சி செய்த ஆள் உலகத்திலை நான் ஒருத்திதான்" என்றார். சிரிப்பு அடங்கியதும், "இனிப் போய்ச் சண்டை பிடியும்" என்றார்.

பிடித்தேன். பல்கலைக்கழகத்தில் எங்கள் துறைத் தலைவர் மரியாதையான மனிதர், கோப்பி ஊற்றித் தந்துவிட்டுத்தான் மறுப்பார். பாடம் பல இடங்களில் நடக்கிறது, ஆதாரம் பிரசுரமாகியிருக்கிறது, எழுதியவர் இப்போது நோயாளி, நோயாளியின் சொல்லை வைத்து அதை மாற்றுவது எப்படி என்று கேட்டார். நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன். இது முதியவர்களைப் பராமரிப்பது பற்றிய பாடம். அதை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஒருவர் இன்று பராமரிக்கப்படும் கதிரையில் இருந்துகொண்டு, இது வலிக்கிறது என்கிறார். அவர் இப்போது சொல்வதைக் கேட்கமாட்டோம், வலி தெரியாத காலத்தில் எழுதியதைத்தான் கேட்போம் என்றால், நாங்கள் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என்ன? அந்தப் பகுதியை இனி நான் நடத்தமாட்டேன் என்று சொன்னேன். அப்படியானால் பாடத்தை வேறு ஒருவரிடம் கொடுக்க வேண்டி வரும் என்றார். கொடுங்கள் என்று சொல்லிவிட்டு எழும்பினேன். சொன்னதில் இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

இடமாற்றத்தை முடிவு செய்யும் கூட்டம் இல்லத்திலேயே நடந்தது. மருத்துவர், தலைமைத் தாதி, பெறாமகள், நான். நடுவில் மிஸி, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையோடு. பெறாமகள் முதல் நாளே என்னிடம், "அக்கா, சின்னம்மாவுக்கு மேலைதான் பாதுகாப்பு, நீங்கள் குழப்பாதேங்கோ" என்று கெஞ்சியிருந்தாள். அவளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. களைத்துப் போயிருந்தாள். தலைமைத் தாதி மிஸியின் பழைய மாணவி, கியூபெக் பெண். மிஸியை உண்மையாக நேசித்தவள். அவள்தான் தொடங்கினாள். முழங்காலை மடித்தாள். கண்மட்டத்துக்கு இறங்கினாள். தோளில் கை வைத்தாள். "அம்மம்மா, சுகமா?" என்றாள்.

மிஸி அவளை நேராகப் பார்த்தார். இப்போதும் பேசாமல் இருந்தால் எல்லாம் முடிந்தது. அவர் பேசினார், வகுப்பில் பேசும் அதே பிரெஞ்சில், தேர்வாளரின் குரலில். அதை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"குனிந்தது சரி. குரல் சரி. கேட்காமல் தொட்டது பிழை. நான் சொல்லித் தந்த பிழை. என்னை அழைத்த சொல்லும் பிழை. அதுவும் நான் சொல்லித் தந்ததுதான். நீ பாடத்தைப் பிசகாமல் செய்தாய், உனக்கு முழுப் புள்ளி. இந்தப் பாடத்தை எழுதியவளுக்குச் சித்தியில்லை. நான் ஒருவருக்கும் அம்மம்மா இல்லை. என்னிடம் படித்த இத்தனை தாதிமார் இருக்கிறீர்கள், ஒருத்தியாவது, உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று என்னைக் கேட்டீர்களா? கேட்கும்படி நான் எழுதவில்லை. ஆகவே நீங்கள் கேட்கவில்லை. அதை எழுதும்வரை நான் பதில் சொல்லப் போவதில்லை. மேலே கொண்டுபோவதென்றால் கொண்டுபோங்கள். அங்கேயும் இதையேதான் செய்வேன்."

மருத்துவர் பேனையை மூடிவிட்டார். தலைமைத் தாதி முழங்காலில் நின்றபடியே அழுதாள். பெறாமகள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"சின்னம்மா, இதை ஏன் எனக்கு முந்தியே சொல்லேல்லை?"

"நீ கேட்டனியே?" என்றார் மிஸி.

அன்று அவரை மேலே ஏற்றவில்லை. தலைமைத் தாதி தானாகவே துறைக்குப் போய், தன் தாதிமார் இனி அந்த முறையில் அழைக்கமாட்டார்கள் என்று சொன்னாள். அவள் சொன்னதும் துறைத் தலைவருக்குக் காது கேட்டது. பாடத்தை என்னிடமிருந்து எடுக்கவும் இல்லை. எங்கள் சனம் மரியாதை பார்க்கத் தேவையில்லாத ஓர் அல்ஜீரிய மாணவனை மொழிபெயர்ப்பாளரோடு அனுப்பி, வீடு வீடாகத் திரும்பக் கேட்பித்தோம். அந்தச் சொற்கள் பாடத்திலிருந்து போய்விட்டன. இப்போது அந்த இடத்தில், அழைக்கப்படுபவரைக் கேள் என்று இருக்கிறது. பழைய ஆய்வின் பிழையையும் மிஸியின் பெயரோடு வெளியிட்டோம். பெயரை எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். பிழையும் என்னுடையதுதான், ஏன் எடுக்கவேணும் என்று மிஸி கேட்டுவிட்டார்.

எல்லாம் வென்றதாக எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். அதற்குப் பிறகு நோய் தன் வேலையைச் செய்தது. இப்போது மிஸி மேல்மாடியில்தான் இருக்கிறார். அவருடைய பிரெஞ்சு போய்விட்டது. ஆங்கிலமும் போய்விட்டது. சில நாட்களில் அவருடைய நினைவிலிருந்து நானும் போய்விடுகிறேன். இந்த இலையுதிர்காலத்தில் என் மாணவியர் சிலரை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். ஒருத்தி நேரே மிஸியின் அறைக்குள் போய், குனிந்து, தொடாமல், நான் பழக்கிய தமிழில், "உங்களை எப்படிக் கூப்பிட?" என்று கேட்டாள். நான் வாசலில் நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது. நோய் ஆளை மாற்றிவிடும். அவரே இப்போது "அம்மம்மா" என்று சொல்லிவிட்டால்? சொன்னால் அப்படித்தான் கூப்பிட வேண்டும். அதுதான் அவருடைய பாடம். அதைத் தாங்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

மிஸி அந்தப் பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கதவைக் காட்டினார்.

"முதல்லை வெளியிலை போய், கதவைத் தட்டிப்போட்டு வாரும்."

நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. அந்தப் பிள்ளை விரலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், முகம் சிவந்து வெளியே வந்து கதவைச் சாத்தித் தட்டினாள். உள்ளே சத்தமில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பொறுத்து நில் என்று கண்ணைக் காட்டினேன். கதவின் சின்னக் கண்ணாடிக்குள்ளால் எனக்குத் தெரிந்தது: மிஸி ஆற அமரத் தலைமயிரை ஒதுக்கினார், கம்பளிச் சட்டையின் பொத்தானைப் பூட்டினார், நிமிர்ந்து இருந்தார். எல்லாம் சரியென்று பட்ட பிறகுதான் குரல் கொடுத்தார்.

"ஓம், வாங்கோ."